கடல் பக்கத்துலயே குடியிருக்கோம், கால் நனைக்க அந்தமான் போறோம்!

அக்கா, நாங்க ராயபுரம். பெரியவனுக்கு அஞ்சு வயசு, சின்னதுக்கு ஒன்னே முக்கால். ஏப்ரல் கடைசில அந்தமான் போலாம்னு இருக்கோம். ஒரு டிராவல்ஸ்ல அஞ்சு நாள் பிளான் போட்டுக் குடுத்தாங்க. முதல் நாள் செல்லுலார் ஜெயில், ரெண்டாவது நாள் ஹேவ்லாக், மூணாவது நாள் எலிபெண்ட் பீச் பாத்துட்டு அப்படியே நீல், நாலாவது நாள் திரும்பி வந்து பாராடாங் குகை, அஞ்சாவது நாள் ரிட்டன். குழந்தைங்களோட இது சரிப்படுமா?

சரிப்படாதும்மா. இந்த பிளான் புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குப் போட்டது, அதுல உங்க ரெண்டு வாண்டுங்க பேரை மட்டும் கீழ சேத்திருக்காங்க.

முதல்ல பாராடாங்கை அடிச்சிடுங்க. அது போர்ட் பிளேர்லேந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர், ஜராவா பழங்குடிகளோட காட்டுக்குள்ள போற ரோடு. வண்டிங்களை மொத்தமா கான்வாயா கட்டித்தான் விடுவாங்க, நடுவுல நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. முதல் கான்வாய் பிடிக்கணும்னா ராத்திரி மூணு மணிக்கே எழுந்து கிளம்பணும். சின்னது நடுக்காட்டுல ஒன்னுக்கு வருதுன்னா என்ன பண்ணுவீங்க? அதுக்கப்புறம் படகு, அதுக்கப்புறம் நடை, கடைசில ஒரு குகை. அஞ்சு வயசுப் பையனுக்கு குகையாவது ஒன்னாவது, அவனுக்கு ஒரு பக்கெட்டும் மணலும் முட்டி அளவு தண்ணியும் குடுத்தா சாயங்காலம் வரைக்கும் உங்களைக் கூப்பிடவே மாட்டான்.

என் கணக்கு சிம்பிள். முதல் ராத்திரி போர்ட் பிளேர் (2024-லேந்து ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாத்திட்டாங்க, ஆட்டோக்காரர்கிட்ட பழைய பேரைச் சொன்னாலும் போதும்), அடுத்த ரெண்டு ராத்திரி ஒரே தீவுல ஒரே ரூம்ல, கடைசி ராத்திரி திரும்பவும் போர்ட் பிளேர். லீவு ஒரு நாள் கூட கிடைச்சா அதையும் தீவுலயே சேத்துக்கோங்க. கடைசி ராத்திரியை மட்டும் கண்டிப்பா போர்ட் பிளேர்ல வைங்க, ஏன்னா காத்து கொஞ்சம் ஏறினாலும் ஃபெர்ரியை நிறுத்திடுவாங்க, நீங்க தீவுல மாட்டிக்கிட்டு ஃபிளைட்டு போயிடும். ஏப்ரல்ல கடல் பெரும்பாலும் அமைதியாத்தான் இருக்கும், வெயில்தான் ஜாஸ்தி. மே பாதிக்கு மேல தள்ளிப் போடாதீங்க, தென்மேற்கு பருவமழை இந்தியாவுலயே முதல்ல தொடுற எடம் அந்தமான்தான்.

எந்தத் தீவுன்னு கேப்பீங்க. ஹேவ்லாக் (ஸ்வராஜ் த்வீப்) பெருசு, ஹோட்டல் நிறைய, ராதாநகர் பீச் அங்கதான், 2020-ல நீலக்கொடி சான்று (சுத்தமான, பாதுகாப்பான பீச்சுக்குக் குடுக்குறது) வாங்கின பீச், பாக்க அவ்ளோ அழகு. ஆனா அலை அடிக்கும். நீல் (ஷஹீத் த்வீப்) சின்ன தீவு, பரத்பூர் பீச்னு ஒன்னு ஃபெர்ரி வந்து நிக்கிற ஜெட்டிக்குப் பக்கத்துலயே இருக்கு, தண்ணி ஆழம் கம்மி, கண்ணாடி அடி வச்ச படகுல உக்காந்து பசங்க மீனைப் பாக்கலாம். ஆறு வயசுக்குக் கீழ பசங்கன்னா நான் நீலைத்தான் சொல்லுவேன். ரெண்டு தீவையும் பாத்துடலாம்னு ஆசைப்பட்டா பாதி டிரிப் பெட்டி கட்டுறதுலயும் ஜெட்டில வரிசைல நிக்கிறதுலயும் போயிடும்.

இப்ப என் கதை ஒன்னு. நாங்க போனப்ப 'பீச் பாத்த ரூம்'னு ஒரு எடத்துல பணம் கட்டிப் போட்டோம். காலைல பாத்தா கடலையே காணோம்! தண்ணி அவ்ளோ தூரம் உள்ள போய் வெறும் பாறையும் செத்த பவளமும்தான் கெடக்கு, என் சின்னவ ஓடிப் போய் கால் பாதத்தைக் கிழிச்சுக்கிட்டா. நம்ம பக்கம் கடல் ஏர்றது எறங்குறது பெருசா கண்ணுக்குத் தெரியாது, அங்க நல்லாவே தெரியும். காசிமேட்டுல ஏத்தம் வத்தம்னு சொல்லுவாங்கல்ல, அதுதான். அதனால ரூம் போடும்போது "கடல் தெரியுமா"ன்னு கேக்காதீங்க, "வத்தத்துல குழந்தை எறங்க மணல் இருக்குமா"ன்னு கேளுங்க. ரப்பர் ஷூ பசங்களுக்கு கட்டாயம், செருப்பு தண்ணில கழண்டுக்கும்.

இன்னொன்னு, யாரும் சொல்ல மாட்டாங்க. அந்தமான் நம்மளை விட ரொம்ப கெழக்கால இருக்கு, ஆனா கடிகாரம் அதேதான். காலைல அஞ்சு மணிக்கே பளிச்சுனு விடிஞ்சிடும், சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்ட ஆரம்பிச்சிடும். பசங்க அஞ்சு மணிக்கே எழுந்து உங்க மேல ஏறுவாங்க. திட்டாதீங்க, ஆறு மணிக்கு பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க, எட்டரைக்கு ரூமுக்கு வந்து இட்லியோ பிரெட்டோ குடுத்துட்டு ஒரு தூக்கம், வெயில் தாழ்ந்து மூணு மணிக்கு மேல ரெண்டாவது ரவுண்டு. உப்புத்தண்ணி முதலை அந்தப் பக்கம் உண்டு, போர்டு வச்ச எடத்துல கால் கூட நனைக்காதீங்க, இருட்டின அப்புறம் எந்தத் தண்ணிலயும் வேணாம்.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி சின்னதோட பொறந்த தேதியைப் பாத்துக்கோங்க. ரெண்டு வயசு முடியலன்னா மடில வச்சுக்கலாம், முடிஞ்சிட்டா தனி சீட்டு எடுக்கணும். பொறந்த சர்டிபிகேட் கைல இருக்கட்டும். மெட்ரோ நம்ம தண்டையார்பேட்டை பக்கத்துலேந்து நேரா ஏர்போர்ட்டுக்கே போகுதுன்னு நம்பி விடியக்காலை ஃபிளைட்டு போட்டுடாதீங்க, முதல் ரயிலே அஞ்சு மணிக்குத்தான்.

அக்கா, ஹார்பர் எங்க வூட்டுலேந்து கூப்பிடு தூரம். அந்தமான் கப்பல் இங்கேந்துதானே போகுது? கப்பல்ல போனா செலவும் கம்மி, மூணு வயசுப் பொண்ணுக்கும் ஜாலியா இருக்கும்ல? - தண்டையார்பேட்டை வாசகர்

தம்பி, ஆசை நல்ல ஆசைதான். நானும் சின்ன வயசுல அந்தக் கப்பல் ஊதுறதைக் கேட்டுட்டே வளந்தவதான். ஆனா அது கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், கடல் நல்லா இருந்தாலே ரெண்டரை நாள், சில சமயம் மூணு நாள். ஃபிளைட்டுல ரெண்டே கால் மணி நேரம். பங்க் கிளாஸ் டிக்கெட் மலிவுதான், ஆனா அது ஒரு பெரிய ஹால்ல அடுக்கு பெட்டு, எல்லாருக்கும் பொது பாத்ரூம், நடுக்கடல்ல கப்பல் ஆடும்போது மூணு வயசுப் பொண்ணு வாந்தி எடுத்தா நீங்க எறங்கி எங்கயும் போக முடியாது. மாசத்துக்கு ஒரு சில தடவைதான் கப்பல், தேதியும் மாறும், போக வர ரெண்டுக்கும் கப்பல்னா ஒரு வாரம் தண்ணிலயே போயிடும். பொண்ணுக்கு பத்து வயசாகட்டும், கேபின் எடுத்துக்கிட்டுப் போங்க, அப்ப அது ஆயுசுக்கும் மறக்காது.

அங்க போனப்புறம் தீவுக்குத் தீவு போற ஃபெர்ரியே உங்களுக்குப் போதுமான கப்பல் சவாரி. ஒன்றரை ரெண்டு மணி நேரம். முன்னாடி சீட்டு வேணாம், அங்கதான் தூக்கித் தூக்கிப் போடும், நடுவுலயோ பின்னாடியோ கீழ் தளத்துல உக்காருங்க. நாங்க கண்ணாடி பக்கத்துல வ்யூ தெரியுதுன்னு முன்னாடி உக்காந்தோம், வ்யூ பாக்கல, வாந்திப் பையைத்தான் பாத்தோம். வாந்தி மாத்திரை, மருந்து எதுவா இருந்தாலும் உங்க குழந்தை டாக்டர்கிட்ட கேட்டுட்டு மட்டும் குடுங்க.

எங்க மாமியார் விட மாட்டேங்குறாங்க. "சுனாமில போன ஊருக்கு பச்சப் புள்ளைங்கள இஸ்துகினு போறியா, இன்னா தைரியம்"னு ஒரு வாரமா சாப்பிடாம உக்காந்திருக்காங்க. என்ன சொல்லி சமாதானப்படுத்துறது? - திருவொற்றியூர் வாசகி

அவங்க மேல கோபப்படாதீங்கம்மா. 2004 டிசம்பர் 26 காலைல நம்ம கரைல நின்னவங்களுக்கு அந்த பயம் சாகுற வரைக்கும் போகாது. என் பெரியம்மா இன்னிக்கும் கடல் பக்கம் முதுகு காட்டி நிக்க மாட்டா.

அவங்ககிட்ட வாதம் பண்ணாம ரெண்டு விஷயம் சொல்லுங்க. அன்னிக்கு அந்தப் பக்கம் ரொம்ப அடி வாங்கினது தெக்கால இருக்குற நிக்கோபார் தீவுங்க, நீங்க போறது வடக்கால. அன்னிக்கு நமக்கு எச்சரிக்கை சொல்ல யாரும் இல்ல, 2007-லேந்து ஹைதராபாத்ல இதுக்குன்னே சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்யுது. இதையெல்லாம் தாண்டி, நிக்கவே முடியாத அளவுக்கு நிலம் ஆடினாலோ, கடல் திடீர்னு சர்ருனு உள்ள வாங்கினாலோ, போனை எடுக்காம புள்ளைங்களைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடணும்னு நீங்க தெரிஞ்சு வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க. (மேல சொன்ன வத்தம் வேற, அது மணிக்கணக்குல மெதுவா எறங்குறது. குழப்பிக்காதீங்க.) தினமும் சாயங்காலம் ஒரு வீடியோ கால் பண்ணிடுங்க. சென்னைலேந்து அந்தமானுக்கு கடலுக்கு அடில கேபிள் போட்டு 2020-ல ஆரம்பிச்சதுலேந்து அங்க நெட் முன்ன மாதிரி மோசமில்ல. முடிஞ்சா மாமியாரையே கூட்டிட்டுப் போயிடுங்களேன், சாயங்காலம் புள்ளைங்களைப் பாத்துக்க ஆள் ஆச்சு.

என் பையன் பருப்பு சாதம், ரசம் சாதம் தவிர எதையும் வாயில வைக்க மாட்டான். அங்க என்ன பண்றது? - கொருக்குப்பேட்டை

போர்ட் பிளேர்ல தமிழ்க்காரங்க எக்கச்சக்கம், முருகன் கோயில் வரைக்கும் இருக்கு, இட்லி தோசைக்கும் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்ல. தீவுக்குள்ள போனாதான் கஷ்டம், அங்க வடக்கத்தி பெங்காலி சமையல். பருப்புப் பொடி, நெய், அப்பளம் கொண்டு போங்க. வெறும் சாதம் எந்த ஹோட்டல்லயும் குடுப்பாங்க.

போனா சங்கு, பவளம் கொஞ்சம் பொறுக்கிட்டு வரலாமா, ஷோகேஸ்ல வைக்க? - வியாசர்பாடி

வேணாம். செத்த பவளமா இருந்தாலும் எடுத்துட்டு வர்றது வனவிலங்குச் சட்டப்படி தப்பு, ஏர்போர்ட்டுல பெட்டியைத் தொறந்து பாத்து எடுத்துடுவாங்க, கேஸும் வரலாம். பசங்க பாக்கெட்டையும் தடவிப் பாத்துடுங்க, என் பொண்ணு சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா.

அந்தமானுக்கெல்லாம் நம்மகிட்ட காசு இல்ல அக்கா. வூட்டு வாசல்லேந்து பாத்தா கடல் தெரியுது, ஆனா கல்லு கொட்டி வச்சிருக்காங்க, எறங்கவே முடியாது. பையன் கடல்ல குளிக்கணும்னு அழுவுறான். - காசிமேடு

இந்த லெட்டரை ரெண்டு தடவ படிச்சேன். கல்லு மேல உக்காந்து கடலைப் பாக்குறது எனக்கும் தெரியும்.

ஈசிஆர்ல கோவளம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. 2021-ல அதுவும் நீலக்கொடி வாங்கிடுச்சு, ராதாநகருக்கு மறு வருஷமே. குளிக்கிறதுக்குன்னு எடம் ஒதுக்கி லைஃப்கார்டு நிக்க வச்சிருக்காங்க, துணி மாத்த ரூம் இருக்கு. அந்த எடத்தைத் தாண்டி எறங்காதீங்க, நம்ம பக்கத்துக் கடல் ரெண்டு அடி வச்சா ஆழம் வந்துடும், உள்ள இழுக்கவும் செய்யும், பையன் கையை விடவே விடாதீங்க. சனி ஞாயிறு வேணாம், கூட்டம் தாங்காது. வார நாள்ல காலைல சீக்கிரமா போயிடுங்க, புளி சாதம் கட்டிக்கோங்க, மாத்துத் துணி ரெண்டு செட்டு. ஒன்னு போதும்னு நினைப்பீங்க, போதாது.