பிப்ரவரி வர்றதுக்குள்ள நின்னுபோன பைபிள் வாசிப்பு

அக்காவுக்கு ஸ்தோத்திரம். நாங்க கடலூர் மஞ்சக்குப்பம். பையன் ஆறாவது, பொண்ணு ஒண்ணாவது. சபையில குடுத்த அட்டவணைய வெச்சு ஒரே வருஷத்துல முழு பைபிளையும் குடும்பமா முடிச்சிடலாம்னு ஜனவரி 1 ஆரம்பிச்சோம், பிப்ரவரி வர்றதுக்குள்ள நின்னுபோச்சு. பைபிள எடுத்தாலே பையன் பாத்ரூம் போறேங்கிறான், சின்னது தூங்கிடுது. வீட்டுக்காரருக்கு சிப்காட்ல ஷிப்ட் வேலை, அவர் இருக்கற நாள்ல வாசிச்சு முடிச்சதும் பையனோட மார்க், செல்போன்னு எல்லாத்தையும் இழுத்து வெச்சு அரை மணி நேரம் பேசுவார். பாண்டியில இருக்கற எங்கம்மா கத்தோலிக்கம், அவங்க வந்தா அவங்க பைபிள்லதான் வாசிக்கணும்பாங்க. விட்ட நாளையெல்லாம் சேத்து படிக்கணுமா? என்ன பண்றதுன்னே தெரியலக்கா.

தங்கச்சிக்கு,

எந்த இடத்துல நின்னீங்கன்னு எழுதல, ஆனா கணக்கு போட்டா தெரிஞ்சிடும். நம்ம பைபிளோட 66 புத்தகத்துல மொத்தம் 1189 அதிகாரம், வருஷத்துல முடிக்கணும்னா தினம் மூணுக்கும் மேல வாசிக்கணும், ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, அப்ப ஜனவரி கடைசி வாரத்துல ஆசரிப்புக் கூடாரத்தோட, அதாவது இஸ்ரவேலர் வனாந்தரத்துல போட்ட வழிபாட்டு கூடாரத்தோட, பலகைக்கும் திரைக்கும் முழக்கணக்குல நிப்பீங்க, அத தாண்டினா லேவியராகமத்துல பலி முறைகள். பெரியவங்களே சத்தமில்லாம மூடி வெச்சிட்டு போற இடம் அது, ஒண்ணாவது படிக்கற புள்ள தூங்காம வேற என்ன பண்ணும்? அந்த அட்டவணை பெரியவங்களுக்கு போட்டது, அத நீங்க தனியா வாசிங்க, புள்ளைங்கள விட்ருங்க.

ஆதியாகமத்துலதான் ஆரம்பிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. நம்ம பக்கத்துல தரங்கம்பாடியில தமிழ் புதிய ஏற்பாடு அச்சடிச்சப்பகூட 1714ல முதல்ல வெளிய வந்தது நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும்தான், மிச்சம் அடுத்த வருஷம். கதை முதல்ல, நிருபம்ங்கற கடிதமெல்லாம் அப்புறம்.

நீங்க எஸ்தர்ல ஆரம்பிங்க. பத்தே அதிகாரம், ஒரு நாளைக்கு ஒண்ணு. அஞ்சாவது அதிகாரம் முடியற இடத்த பாருங்க, எஸ்தர வளர்த்த மொர்தெகாய தூக்குல போட ராஜாவோட பெரிய அதிகாரி ஆமான் 50 முழத்துல மரம் நாட்டிட்டான், காலையில ராஜாகிட்ட கேக்கறதுதான் பாக்கி. அங்க டக்குனு பைபிள மூடிடுங்க. பையன் அப்புறம் அப்புறம்னு கெஞ்சினாலும் நாளைக்குன்னு சொல்லிட்டு எழுந்திருங்க. அன்னைக்கு ராத்திரி ராஜாவுக்கு தூக்கம் வரலங்கறதுதான் ஆறாவது அதிகாரம், உங்க பையன் உங்களுக்கு தெரியாம எடுத்து படிச்சாலும் படிச்சிடுவான், படிச்சா கண்டுக்காதீங்க. புத்தகம் முழுக்க கடவுள்ங்கற பேரே வரலியேன்னு அவனா கண்டுபிடிச்சு கேட்டா இன்னும் நல்லது, பதில் தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க.

அடுத்து அப்போஸ்தலர் 27, பவுல் போன கப்பல் புயல்ல மாட்டற கதை. கடலூர் புள்ளைங்களுக்கு இத விட்டா வேற எது? 2011ல தானே புயல் அடிச்சப்ப உங்க வீடு எப்படி இருந்துச்சுன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் வாசிங்க. 276 பேர் ஏறின கப்பல், பதினாலு நாள் புயல்ல கெடக்கு, ஆழம் பாத்தா 20 பாகம் (ஒரு பாகம்னா சுமார் ஆறு அடி), கொஞ்சம் தள்ளி பாத்தா 15, பாறையில மோதிடுமோன்னு பயந்துபோய் பின்பக்கமா நாலு நங்கூரத்த எறக்கிட்டு எப்படா விடியும்னு உக்காந்திருக்காங்க. ஆழத்த கயிறு விட்டு பாக்கறது, நங்கூரம் போடறது எல்லாம் தேவனாம்பட்டினம் பக்கம் போய் யாரயாச்சும் மீன்பிடிக்கறவங்கள கேட்டா நம்மள விட அழகா சொல்லுவாங்க.

சின்னதுக்கு மாற்கு சுவிசேஷம் போதும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சம்பவம். நாலாவது அதிகாரத்துல இயேசு படகுல தலையணை வெச்சு தூங்கறாரு, கூட வேற படகுகளும் வந்துச்சுன்னு ஒரு வரி இருக்கு. எங்க வீட்டு வாண்டு ஒண்ணு "அந்த படகெல்லாம் என்னாச்சு, முழுகிடுச்சா?"ன்னு கேட்டுச்சு பாருங்க, இத்தன வருஷம் அந்த வரிய தாண்டித்தாண்டி போயிருக்கேன், எனக்கு தோணவே இல்ல.

இப்ப வீட்டுக்காரர் விஷயம். உண்மையான சிக்கல் இங்கதான் இருக்குன்னு நெனக்கறேன், லேவியராகமத்துல இல்ல. பைபிள் தெறந்தா திட்டு விழும்னு பையனுக்கு பழகிடுச்சு, அதான் பாத்ரூம். மார்க்கயும் செல்போனயும் பத்தி பேச வேண்டாம்னு சொல்லல, அத வேற நேரத்துல, பைபிள் கையில இல்லாதப்ப பேசச் சொல்லுங்க. பிள்ளைகளே பெற்றோருக்குக் கீழ்ப்படியுங்கள்னு எபேசியர் 6ல முதல் வசனத்த எடுப்பாருன்னா, அப்படியே நாலாவது வசனம் வரைக்கும் அவரையே சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, பிள்ளைகளக் கோபப்படுத்தாதீங்கன்னு தகப்பன்மாருக்கு அங்க இருக்கு. நீங்க எடுத்து சொல்லாதீங்க, அதுவா வரட்டும்.

ஷிப்ட் வேலைக்காரர் வீட்டுல எட்டரை மணின்னு டைம் வெச்சா நடக்காது. ராத்திரி சாப்பிட்டு தட்டு எடுக்கறதுக்கு முன்னாடின்னு வெச்சுக்கங்க, அவர் இல்லாத நாள்ல நீங்க மூணு பேர். பத்து நிமிஷத்துக்கு மேல போகாதீங்க. வழியில நடக்கறப்பவும் பேசுன்னு உபாகமம் 6லயே இருக்கு, ஸ்கூட்டியில கெடிலம் பாலம் ஏறும்போது "நேத்து எங்கடா விட்டோம்?"னு கேட்டீங்கன்னாலும் கணக்குதான். இங்கிலீஷ் மீடியம் புள்ளைக்கு தமிழ் தடுக்கினா நீங்க வாசிச்சிட்டு சொந்த பேச்சுல சொல்லுங்க, நடுவுல நிறுத்தி உச்சரிப்ப திருத்தாதீங்க.

அம்மா வந்தா அவங்க திருவிவிலியத்துலயே வாசிக்கட்டும். 73 புத்தகம், பேரு வேற வேற மாதிரி இருக்கும், மாற்கு மாற்குதான். பாட்டி வாசிக்க பேரப்புள்ளைங்க கேக்கறத போய் யாராச்சும் தடுப்பாங்களா?

விட்ட நாள சேத்து படிக்கவே படிக்காதீங்க, அது ஹோம்வொர்க் பாக்கி மாதிரி ஆயிடும். ரெண்டு வாரம் விட்டுப்போச்சா, அடையாள சீட்டு எங்க இருக்கோ அங்க இருந்து எடுங்க.