உலோக வீரன் ஏன் பேஸில் நிற்கவில்லை? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேசையில் வைத்து ஆடும் போர் விளையாட்டுக்காகப் பத்து உலோக உருவங்கள் வாங்கி, வட்டமான பிளாஸ்டிக் பேஸ்களில் (உருவம் நிற்கும் அடித்தட்டுகளில்) சுப்பர் குளூ போட்டு ஒட்டினேன். இரண்டு கிழமைக்குள் நான்கு கழன்றுவிட்டன. இதைவிடப் பலமான குளூ எது?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: புதுக் குளூ வாங்க முதல், கழன்ற உருவத்தின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். காய்ந்த பசை முழுவதும் பேஸிலேயே இருந்து, பாதம் பளபளவென்று சுத்தமாக இருந்தால், பசை உலோகத்தைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். வார்ப்பு அச்சில் பூசும் பொடியோ கை எண்ணெயோ அதில் இருந்திருக்கும், இல்லாவிட்டால் பாதம் வழுவழுப்பாக இருந்திருக்கும். பாதத்தில் பசையும் அதன் மேல் பேஸின் பெயின்டும் சேர்ந்து உரிந்து வந்திருந்தால், நீங்கள் ஒட்டியது பெயின்டோடுதான், பேஸோடு அல்ல. பசை நடுவே உடைந்து பாதி அங்கும் பாதி இங்கும் இருந்தால்தான் பசையைக் குறை சொல்லலாம்.

அந்த மூன்றாவது வகை உலோக உருவங்களில் அடிக்கடி நடக்கிறது, அதற்குச் சுப்பர் குளூவின் குணம்தான் காரணம். அதன் இரசாயனப் பெயர் சயனோஅக்ரிலேட். 1942இல் ஹரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளரும் அவரோடு இருந்தவர்களும் துப்பாக்கியின் குறிபார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கையில் சிக்கியது. தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958இல்தான் பசையாகச் சந்தைக்கு வந்தது. ஏன் எல்லாவற்றிலும் ஒட்டுகிறது என்றால், அது காற்றுப் பட்டுக் காய்வதில்லை, ஒவ்வொரு பொருளின் மேலும் படிந்திருக்கும் மெல்லிய ஈரப்பதம் பட்டு இறுகுகிறது. ஈரத்துக்குக் கொழும்பில் குறைவே இல்லை, கடற்கரைப் பக்கம் இருக்கும் உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை. அதனால் இங்கே அது சட்டென்று பிடித்துவிடும். நீங்கள் உருவத்தை வைத்து, அட, கொஞ்சம் சரிந்து நிற்கிறதே என்று திருப்பும் அந்த ஒரு கணத்தில் பாதி இறுகிய பசை பிய்ந்துபோகிறது, திரும்ப அழுத்தினாலும் பழைய பலம் வராது. இன்னொன்று, இறுகிய சுப்பர் குளூ கண்ணாடி மாதிரி. நேராக மேலே இழுத்தால் நன்றாகத் தாங்கும், பக்கவாட்டில் ஒரு தட்டு, மேசையிலிருந்து ஒரு விழுகை என்றால் உடைந்துவிடும். பாரமான உலோகம், பேஸைத் தொடுவதோ இரண்டு சின்னப் பாதங்கள் மட்டும். வேறு என்ன நடக்கும்?

ஆகவே உலோகத்துக்கு நான் சொல்வது இரண்டு பகுதி எப்பொக்சி, நம் ஹார்ட்வெயார் கடைகளில் அரல்டைட் என்று கேட்டால் தருவார்கள். ஐந்து நிமிட வகையே போதும். இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு எடுத்து, பழைய பிளாஸ்டிக் மூடியில் வைத்து ஈர்க்கால் நன்றாகக் குழையுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை (இறுக வைக்கும் பகுதியை) அளவுக்குக் கூடப் போடாதீர்கள், கடைசிவரை பிசுபிசு என்றே இருக்கும். நம் வெயிலில் ஐந்து நிமிடம்கூட எடுக்காது, எனவே ஒருமுறைக்கு இரண்டு மூன்று உருவத்துக்கு வேண்டியதை மட்டும் குழையுங்கள். ஒட்டியதை அடுத்த நாள்வரை விளையாட எடுக்க வேண்டாம்.

ஒட்ட முதல் உருவத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். பாதத்தையும் பேஸையும் சாண்ட் பேப்பரால் கீறிவிடுங்கள், பெயின்ட் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சுரண்டி எடுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் உலகத்திலேயே விலை கூடிய பசையைப் போட்டாலும் இதே கதைதான்.

ஒற்றைக் காலில் பாயும் வீரன், பறக்கும் பிராணி மாதிரி உருவங்களுக்கு ஒரு கம்பியும் வையுங்கள். கையால் சுழற்றும் சின்னத் துளைப்பானால் பாதத்தில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப் துண்டைச் செருகி, பேஸிலும் அதே இடத்தில் துளை போட்டு எப்பொக்சியோடு இறக்குங்கள். என்னிடம் இருக்கும் உலோகக் குதிரை வீரன் ஒருவன், ஒரு குளம்பு மட்டும் நிலத்தில் படும்படி நிற்பவன், மூன்று தடவை கழன்று, கம்பி வைத்த பிறகு ஏழு வருடமாக அசையவில்லை. இரண்டு வீடு மாறியும் அப்படியே நிற்கிறான், அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கும்.

கேள்வி: என்னுடையவை பிளாஸ்டிக் உருவங்கள். பிளாஸ்டிக் சீமெந்துதான் நல்லது என்கிறான் நண்பன். போர்ட் கேம் ஒன்றோடு வந்த உருவங்களில் அதைப் பூசினேன், ஒட்டவே இல்லை.
– தெஹிவளை வாசகர்

பதில்: நண்பர் சொன்னதும் சரி, உங்களுக்கு நடந்ததும் சரி. டமியா போன்றவர்கள் விற்கும் அந்தச் சீமெந்து உண்மையில் பசை இல்லை, பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை உருக்கும் ஒரு கரைப்பான். இரண்டு துண்டையும் மேலோட்டமாக உருக்கி ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிப் போகும், நாளைக்கு அது ஒரே துண்டு. பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து வெட்டி எடுத்து நாமே பொருத்தும் உருவங்கள், வார்ஹாமர் என்ற போர் விளையாட்டில் வருபவை மாதிரி, பொலிஸ்டைரீன்தான், அவற்றின் பேஸும் அதே. அங்கே இதற்கு ஈடாக ஒன்றும் கிடையாது. ஆனால் போர்ட் கேம் பெட்டியில் முழுதாக வரும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும் உருவங்கள் பெரும்பாலும் பிவிசி என்ற வேறு பிளாஸ்டிக். அதை இந்தச் சீமெந்து நம்பும்படி ஒட்டாது. ரெசின், உலோகம், மரம் எதையும் ஒட்டாது. உங்கள் பிவிசி உருவங்களுக்குச் சுப்பர் குளூ போடுங்கள், பாரம் குறைந்த உருவம் என்பதால் தாராளமாகத் தாங்கும்.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பேஸ் என்றால் மெல்லிய சுப்பர் குளூவை அந்தப் பலகை குடித்துவிடும், ஜெல் வகை வாங்குங்கள். பேஸில் மணல், சின்னக் கல் ஒட்டுவதற்கு மட்டும் பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை போதும், கொஞ்சம் தண்ணீர் கலந்து பூசி மணலில் தோய்த்தால் சரி. அதைக் கொண்டு உலோகக் காலை ஒட்டப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: பதின்மூன்று வயது மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் குளூ வேலை செய்கிறான். போன கிழமை இரண்டு விரலும் ஒட்டிவிட்டது. விடலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: விடுங்கள் சகோதரி, ஆனால் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து. சுப்பர் குளூவின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், பிளாஸ்டிக் சீமெந்தின் ஆவி தலையிடி கொடுக்கும், அது நெருப்புப் பிடிக்கவும் கூடியது, விளக்கு அடுப்புப் பக்கம் வேண்டாம். விரல் ஒட்டினால் பிடித்து இழுக்கக் கூடாது, தோல்தான் உரியும். இளஞ்சூடான சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாக உருட்டி உருட்டிப் பிரிக்கவும். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு.

பலருக்குத் தெரியாத ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சிந்திய சுப்பர் குளூவைப் பஞ்சால் துடைக்கவே கூடாது. பருத்தியில் பட்டால் அது வேகமாக இறுகி, புகை வரும் அளவுக்குச் சூடாகும், தோலைச் சுட்டுவிடும். பருத்தித் துணிக்கும் இதேதான், மடியில் வைத்து வேலை செய்யாமல் மேசையில் ஒரு ஓடு வைத்து அதன் மேல் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: குளூ போத்தல் ஒரு மாதத்தில் கல்லாகிவிடுகிறது. என்ன செய்வது?
– கொள்ளுப்பிட்டி வாசகர்

பதில்: மறுபடியும் ஈரம்தான். சின்னக் குழாய்களாக வாங்குங்கள். குழாயின் மூக்கைத் துடைத்து மூடி, காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். எடுத்தவுடன் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், குளிர்ந்த போத்தலைத் திறந்தால் உள்ளேயே தண்ணீர் வியர்க்கும்.

ஃபிரிட்ஜ் என்றதும் ஞாபகம் வந்தது: சுப்பர் குளூ போட்ட உலோக உருவத்தைப் பழைய பேஸிலிருந்து கழற்ற வேண்டுமானால் ஒரு மணித்தியாலம் ஃபிரீசரில் வைத்துவிட்டு, பேஸைப் பிடித்து மெல்லத் திருகுங்கள். குளிரில் பசை இன்னும் நொறுங்கும் தன்மைக்கு வந்து, பெரும்பாலும் டக் என்று விட்டுவிடும். நெயில் பொலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோனும் கரைக்கும், ஆனால் பெயின்டையும் சேர்த்துக் கரைக்கும், பேஸ் பொலிஸ்டைரீன் என்றால் அதையும் கூழாக்கிவிடும்.