ஏர் பிஸ்டலுக்குப் பவர் ஏற்றலாமா? கேள்விகளும் பதில்களும்

துப்பாக்கி சுடும் கிளப்பில் பழைய ஏர் பிஸ்டல்களை, அதாவது காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டுவது என் வேலை. வந்த கேள்விகளில் முக்கால்வாசி பவரைப் பற்றியவை.

கேள்வி: அண்ணா, என்னுடையது பேரலை மடக்கும் ஸ்பிரிங் பிஸ்டல். வாங்கின புதிதில் தகர டப்பாவைத் துளைத்தது. இப்போது பள்ளம் மட்டும்தான் விழுகிறது. கனமான ஸ்பிரிங் போட்டால் சரியாகுமா?

பதில்: தம்பி, முன்பு இருந்தது இப்போது இல்லை என்றால் பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம். பேரல் வந்து பொருந்தும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அந்தச் சந்தின் மேல் மெல்லிய காகிதத் துணுக்கு ஒன்றை வைத்து, குண்டு பிடிக்கும் பெட்டியை நோக்கிச் சுட்டுப் பாருங்கள். துணுக்கு பறந்தால் வளையம் தேய்ந்திருக்கிறது, சில்லறைச் செலவுதான். பறக்கவில்லை என்றால் பிஸ்டன் சீலை, அதாவது உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டனில் கசிவைத் தடுக்கும் வளையத்தைச் சந்தேகப்படலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, வெறும் கையால் கழற்றினால் முகத்துக்குத்தான் வரும்.

கனமான ஸ்பிரிங் வேண்டாம். பிஸ்டன் வேகமாகப் போய் அழுத்தக் காற்றில் மோதித் திரும்பித் துள்ளும். கூடுதல் விசையில் பெரும்பங்கு கையில் அதிர்வாக முடியும், பெல்லட்டுக்கு, அதாவது சின்ன ஈயக் குண்டுக்குப் போய்ச் சேர்வது சொற்பம். இன்னொன்று, ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கும் ட்ரிகர் கொக்கி அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல. அது நழுவினால் மடக்கிய பேரல் சடாரென்று மூடும். அப்படி விரல் நகம் போனவரை எனக்குத் தெரியும்.

கேள்வி: சார், உள்ளே எண்ணெய் விட்டதும் 'டப்'பென்று பெரிய சத்தம், கொஞ்சம் புகை. பவர் கூடிவிட்டதா?

பதில்: எண்ணெய் எரிந்திருக்கிறது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில் டீசல் எஞ்சினில் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. சீல் கருகும், ஸ்பிரிங் ஒடியும். பெல்லட் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வேகத்தில் போவதால் குறியும் கெடும். நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: போட்டிக்குப் போகப் பவர் வேண்டாமா?

பதில்: 10 மீட்டர் போட்டி பிஸ்டலில் பெல்லட் விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. அரை கிராம் பெல்லட்டுக்குக் கணக்குப் போட்டால் அதன் ஆற்றல் ஆறு ஜூல்கூட வராது. 2024 பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியது இந்த வகைத் துப்பாக்கியில்தான். பத்து மதிப்பெண் வட்டம் 11.5 மில்லிமீட்டர். அதில் விழ வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும், ட்ரிகர் விரல் அசையாமல் இருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு வைத்திருக்கும் காசில் நல்ல பெல்லட் வாங்குங்கள். 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தலை அளவில் வரும். உங்கள் பேரலுக்கு எது ஒத்துப்போகிறது என்று சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: இந்தியாவில் 20 ஜூல் வரை லைசென்ஸ் தேவையில்லையே, அதுவரை ஏற்றினால் என்ன?

பதில்: 2016 ஆயுத விதிகளில் 4.5 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு அப்படித்தான். ஆனால் சட்டம் விடுகிறது என்பதற்காக உங்கள் பிஸ்டலின் உலோகம் தாங்குமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். இங்கே?

பதில்: தொடவே தொடாதீர்கள். அங்கே ஏர் பிஸ்டலுக்கு எல்லை 6 அடி-பவுண்டு, அதாவது சுமார் 8 ஜூல். தாண்டினால் தடைசெய்யப்பட்ட ஆயுதம், ஜெயில் வரை போகும். ஸ்காட்லாந்தில் 1 ஜூலைத் தாண்டினாலே சான்றிதழ் கேட்பார்கள்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு பிஸ்டல் கொடைக்கானலில் மந்தமாகிறது. ரிப்பேரா?

பதில்: இல்லை, குளிர். அந்த வாயுவின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 57 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), குளிரில் இறங்கிவிடும். விடாமல் சுட்டாலும் உருளை சில்லிட்டு இதே கதைதான். இடைவெளி விட்டுச் சுடுங்கள். சூடேற்றிப் பார்க்க வேண்டாம், வெயிலில் நிற்கும் காரிலும் உருளையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: பழைய போட்டி பிஸ்டல் கிடைத்திருக்கிறது, காற்று உருளையோடு. 200 பாருக்கு மேல் அடைக்கலாமா?

பதில்: கூடாது. முதலில் உருளையில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் 200கூட அடைக்காமல் புது உருளை வாங்குங்கள்.