சாத்துக்குடி அடுக்கும் உப்புக்கல்லும்

அன்புள்ள ஐயா,

பழமண்டி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சாத்துக்குடி அடுக்குவதைச் சொல்லும்போது, “இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று நிரூபிக்க 387 வருடம் ஆனது” என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு மனம் அங்கேயே நின்றுவிட்டது.

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், படித்தது பி.காம். என் மகள் கணித இயற்பியலில் ஆய்வு செய்கிறாள். கல்யாண வீடுகளில் “பொண்ணு என்ன பண்ணுது?” என்று கேட்டால் “ரிசர்ச்” என்பேன். “எதுல?” “கணக்குல.” “கணக்குல இன்னும் கண்டுபிடிக்க என்ன இருக்கு?” அதோடு நான் பந்திக்கு எழுந்துவிடுவேன். மகளிடம் கேட்டால், “உப்பு ஏன் படிகமா இருக்குன்னு நிரூபிக்கிற மாதிரி ஒரு விஷயம்பா” என்கிறாள். உப்பு படிகமாக இருப்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே! பழக்கடைக்காரருக்குத் தெரிந்ததை நிரூபிக்க 387 வருடம், கண்ணுக்குத் தெரிவதை நிரூபிக்க ஒரு பிஎச்.டி. குறையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே புரியவில்லை. கொஞ்சம் விளக்குவீர்களா?

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம், மகள் பார்த்தால் கோபித்துக்கொள்வாள்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொன்ன உப்பும் நான் எழுதிய சாத்துக்குடியும் ஒரே புத்தகத்தில் பிறந்தவை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1611-ல் பிராகா நகரில் இருந்த யோஹன்னஸ் கெப்ளர், தன்னை ஆதரித்த வாக்கர் என்பவருக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு சின்னப் புத்தகம் எழுதிக் கொடுத்தார். கோள்களின் பாதையைக் கண்டு சொன்ன அதே கெப்ளர்தான். புத்தகத்தின் கேள்வி, உப்பைப் போலவே படிகமான பனித்துகளுக்கு ஏன் எப்போதும் ஆறு முனை? ஐந்து ஏன் இல்லை, ஏழு ஏன் இல்லை? விடை தேடித் தேன்கூட்டைப் பார்க்கிறார், மாதுளை முத்துக்களைப் பார்க்கிறார், உருண்டைகளை எப்படி அடுக்கலாம் என்று யோசிக்கிறார். அந்த வழியில்தான் நம் பழக்கடை அடுக்கு வருகிறது. ஒரு பழத்தைச் சுற்றி ஆறு பழம் தொடும்படி ஒரு தளம், அதன் பள்ளங்களில் அடுத்த தளம். இதைவிட நெருக்கம் கிடையாது என்று எழுதினார். நிரூபணம் தரவில்லை. பனித்துகளுக்கோ விடையே சொல்ல முடியவில்லை. வேதியியல்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

சரி, பழக்கடைக்காரருக்கு வருவோம். அவருக்குத் தெரிந்தது என்ன? இந்த அடுக்கு சரியாது, இடத்தை அடைக்காது. அவ்வளவுதான். வேறு எந்த அடுக்கும் இதை மிஞ்சாது என்பது அவருக்கும் தெரியாது, கெப்ளருக்கும் தெரியாது. சிக்கலெல்லாம் அந்த ‘வேறு எந்த’ என்பதில் இருக்கிறது. ஒழுங்கான அடுக்கு, கோணலான அடுக்கு, யாரும் கனவில்கூடக் காணாத அடுக்கு எல்லாம் அதில் அடக்கம். கோடிக்கணக்கில் முயன்று பார்த்துத் தோற்றாலும் அது நிரூபணம் ஆகாது.

கணக்கு இதுதான். கடைக்காரரின் அடுக்கில் இடத்தின் 74.05 சதவீதம் பழம், மீதி காற்று. சாக்கில் கொட்டி நன்றாகக் குலுக்கினால் சுமார் 64 சதவீதம் வரும். இனி ஒரே ஒரு பழத்தை மட்டும் பாருங்கள். அதைத் தொட்டுக்கொண்டு எத்தனை பழம் இருக்க முடியும்? 1694-ல் நியூட்டனுக்கும் டேவிட் கிரெகரி என்ற கணிதவியலாளருக்கும் இதைப் பற்றிப் பேச்சு நடந்தது. நியூட்டன் பன்னிரண்டு என்றார், கிரெகரி பதின்மூன்றுக்கு இடம் இருக்கலாம் என்றார். நியூட்டன் சொன்னதே சரி என்று 1953-ல்தான் உறுதியானது. கிரெகரியையும் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டையும் வைத்த பிறகு நடுவில் நிறைய இடம் மிச்சம் இருக்கும், ஆனால் துண்டு துண்டாக. பன்னிரண்டையும் நடுப்பழத்தைச் சுற்றி உருட்டி உருட்டி இடம் மாற்றலாம். இன்னொன்று உள்ளே வராது.

அந்தத் தளர்ச்சிதான் வினை. பன்னிரண்டையும் சமச்சீராக, ஐங்கோண முகங்கள் பன்னிரண்டு கொண்ட உருவத்தின் முகங்களில் இருப்பது போல வைத்தால், நடுப்பழத்தைச் சுற்றியுள்ள இடத்தில் அடர்த்தி 75 சதவீதத்தையும் தாண்டும். அதாவது கடைக்காரரின் அடுக்கை விட மேல்! ஆனால் இதே ஏற்பாட்டை அடுத்தடுத்த பழத்துக்கும் நீட்ட முடியாது, இடையில் சந்து விழும். உள்ளூரில் லாபம், ஊர் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் நட்டம். வங்கியில் இருந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் எடுத்த லாபத்துக்கு அக்கம்பக்கத்தில் கட்டாயம் விலை கொடுத்தாக வேண்டும் என்று எல்லா அடுக்குக்கும் பொதுவாகக் காட்ட வேண்டும். அதைத்தான் யாராலும் செய்ய முடியவில்லை. 387 வருடமும் ஆட்கள் உட்கார்ந்து இதையே போட்டுக்கொண்டிருக்கவில்லை, என் கட்டுரை அப்படித் தொனித்தால் தவறு என்னுடையது. 1831-ல் கணிதவியலாளர் காஸ் ஒரு பகுதியை முடித்தார், ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும் அடுக்குகளில் இதுவே சிறந்தது என்று. கோணல் அடுக்குகள் மிச்சம் இருந்தன. 1900-ல் ஹில்பர்ட் என்ற கணிதவியலாளர், தீராத கணிதப் பிரச்சினைகளின் தன் புகழ்பெற்ற பட்டியலில் 18-வது பிரச்சினைக்குள் இதையும் வைத்தார். ரோஜர்ஸ் என்ற கணிதவியலாளர் 1958-ல் இதைப் பற்றிச் சொன்னது உங்கள் மகளுக்குப் பிடிக்கும்: கணிதவியலாளர் பலர் இதை நம்புகிறார்கள், இயற்பியலாளர் எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் அந்த ‘தெரியும்’ போதாதா? போதாது. அரிஸ்டாட்டில், நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகிகளை அடுக்கினால் இடம் மிச்சமில்லாமல் நிரம்பும் என்று எழுதிவைத்தார். நிரம்பாது. ஒரு விளிம்பைச் சுற்றி ஐந்தை வைத்தால் ஏழு டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாகச் சந்து விழும். அட்டையை வெட்டி ஒட்டிப் பார்த்தால் போதும். ஆனாலும் 15-ஆம் நூற்றாண்டில் ரெகியோமொன்டானஸ் வந்து பிழையைக் கண்டுகொள்ளும்வரை, கிட்டத்தட்ட 1800 வருடம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது பழைய கதை என்றால் இதைக் கேளுங்கள். சம கன அளவுள்ள குமிழ்களாக இடத்தைப் பிரிக்க, சுவருக்கு மிகக் குறைந்த பரப்பு பிடிக்கும் வழி எது என்று 1887-ல் இயற்பியலாளர் கெல்வின் ஓர் உருவத்தைச் சொன்னார். நூறு வருடத்துக்கு மேல் அதுவே விடை என்று எல்லோருக்கும் ‘தெரியும்’. 1993-ல் டப்ளினில் டெனிஸ் வெயரும் ராபர்ட் ஃபீலனும் கம்ப்யூட்டரில் வேறொரு நுரை செய்து காட்டினார்கள், பரப்பு 0.3 சதவீதம் குறைவு. 2008 ஒலிம்பிக்ஸுக்காக பெய்ஜிங்கில் கட்டிய நீச்சல் அரங்கின் சுவர் இந்த நுரையை வைத்து வடிவமைத்ததுதான். அதைவிட நல்ல நுரை உண்டா இல்லையா என்பது இன்றைக்கும் நிரூபணமாகவில்லை. ஆகவே பழ அடுக்கிலும் ஒரு 0.3 சதவீதம் எங்கோ ஒளிந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்கள் வெட்டிவேலை செய்தவர்கள் அல்ல.

ஒளிந்திருக்கவில்லை. 1998-ல் தாமஸ் ஹேல்ஸ் என்ற கணிதவியலாளர், தன் மாணவர் சாமுவேல் ஃபெர்குசனோடு சேர்ந்து, முடித்துவிட்டேன் என்றார். பாதை முன்பே போட்டிருந்தது. லாஸ்லோ ஃபேயெஷ் டோத் என்ற ஹங்கேரியர் 1953-ல், இதை எல்லையுள்ள ஒரு கணக்காகச் சுருக்கலாம் என்று சொல்லியிருந்தார், கம்ப்யூட்டரையும் துணைக்குக் கூப்பிடலாம் என்று பிற்பாடு சொன்னார். ஹேல்ஸின் நிரூபணத்தில் சில நூறு பக்கம் எழுத்து, கூடவே மூட்டை மூட்டையாகக் கம்ப்யூட்டர் கணக்கு. சரிபார்க்கப் பன்னிரண்டு பேர் குழு, தலைவர் அந்த டோத்தின் மகன் காபோர். வருடக்கணக்கில் மாரடித்துவிட்டு, 99 சதவீதம் சரி, மீதியைப் பார்க்க எங்களுக்குத் தெம்பில்லை என்ற அர்த்தத்தில் கைவிரித்துவிட்டார்கள். கட்டுரை 2005-ல் வெளியானது. ஹேல்ஸுக்கு அந்த ஒரு சதவீதம் உறுத்தியது. ஒவ்வொரு படியையும் தர்க்க விதிப்படி கம்ப்யூட்டரே சோதிக்கும்படி முழு நிரூபணத்தையும் திரும்ப எழுத ஒரு கூட்டத்தைச் சேர்த்தார், 2014 ஆகஸ்டில் முடிந்தது. அந்தத் திட்டத்துக்கு ஃப்ளைஸ்பெக் என்று பெயர். ஈ உட்கார்ந்து எழுந்த கறை என்று பொருள் வரும். ஆசாமிக்கு நகைச்சுவை உண்டு.

இங்கே ஒரு கிளைக்கதை. 2016-ல் உக்ரைனைச் சேர்ந்த மரினா வியாசோவ்ஸ்கா, இதே அடுக்குப் பிரச்சினையை, நீளம், அகலம், உயரம் என்ற மூன்றையும் தாண்டிக் கணக்கில் மட்டுமே இருக்கும் எட்டுப் பரிமாணத்தில், 23 பக்கத்தில் தீர்த்துவிட்டார். நம் மூன்று பரிமாணத்துக்கு மூட்டைகள், எட்டுக்கு 23 பக்கம்! அவர் கையாண்ட கருவிகளில் மூன்று தொடர்கள் உண்டு. நம் ராமானுஜன் 1916 கட்டுரையில் பி, க்யூ, ஆர் என்று பெயர் வைத்து ஆராய்ந்தவை அவை. நான்கு, ஐந்து பரிமாணங்களில் இன்னும் யாருக்கும் விடை தெரியாது.

அப்புறம் உப்பு.

உப்புக்குள் அணுக்கள் சதுரச் சதுரமாக அடுக்கப்பட்டிருப்பது 1913-லேயே எக்ஸ்ரே வைத்துத் தெரிந்துவிட்டது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான் எம்.எஸ்ஸி. படித்தபோது திடப்பொருள் பாடம் “அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன என்று கொள்க” என்றுதான் தொடங்கும். ஏன் கொள்ள வேண்டும் என்று கேட்டேன். பரீட்சைக்கு வராது என்று உட்காரச் சொன்னார்கள். உங்கள் மகள் உட்காரவில்லை என்று நினைக்கிறேன். அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கும், ரொம்பக் கிட்டே போனால் தள்ளும். இந்த விதியை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, வேறெதையும் ‘கொள்ளாமல்’, கோடானுகோடி அணுக்கள் சேர்ந்தால் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் அடுக்காகத்தான் அமரும் என்று காட்ட வேண்டும். மறுபடியும் அதே ‘வேறு எந்த’. பாரி சைமன் என்ற கணித இயற்பியலாளர் 1984-ல் கணித இயற்பியலின் தீராத பிரச்சினைகள் என்று பதினைந்தைத் தொகுத்தபோது படிகமும் அதில் ஒன்று.

ஒன்றுமே நடக்கவில்லை என்றும் இல்லை. மேசைமேல் பரப்பிய நாணயம் போல, தட்டையான உலகத்தில் ஓரளவு முடிந்திருக்கிறது. 1980-ல் ஹைட்மனும் ராடினும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் வட்டுகளுக்கு நிரூபித்தார்கள். 2006-ல் ஃப்ளோரியன் தைல் இன்னும் இயல்பான விசைகளுக்கு நிரூபித்தார். இரண்டும் சூடே இல்லாத, அதாவது அணுக்கள் ஆடாமல் நிற்கும் நிலைக்கு. முப்பரிமாணத்தில், அதுவும் சூட்டோடு என்றால் கைவசம் இருப்பது மிகக் குறைவு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கெட்டிக்கோளப் பிரச்சினை. இழுப்பும் கிடையாது, ஒட்டும் கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று புகக் கூடாது என்பது மட்டுமே விதி. அப்படிப்பட்ட கோளங்களை ஒரு பெட்டிக்குள் அலையவிட்டு நெருக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? 1957-ல் ஆல்டரும் வெயின்ரைட்டும் அன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். பெட்டியில் பாதி அளவு நிரம்பும்போதே உறையத் தொடங்கி, படிகமாகிறது! சேர்த்துவைக்க எந்த விசையும் இல்லாமல் ஒழுங்கு எங்கிருந்து வந்தது? நெரிசலில் தாறுமாறாக நின்றால் ஒருவராலும் கையை அசைக்க முடியாது. வரிசையாக நின்றால் ஆளுக்குக் கொஞ்சம் அசைய இடம் கிடைக்கும். டவுன் பஸ் நடத்துனர் “உள்ள தள்ளி வரிசையா நில்லுங்க” என்று கத்துவது அதனால்தான். கோளங்களுக்கு நடத்துனர் இல்லை, தாமாகவே நிற்கின்றன. எத்தனையோ ஆயிரம் முறை கம்ப்யூட்டரில் பார்த்தாகிவிட்டது. நிரூபணம் இன்று வரை இல்லை.

உங்கள் மகள் சரியாக எந்த மூலையில் வேலை செய்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. சூடுள்ள நிலையா, சூடில்லாததா என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கே அவர் அரை மணி நேரம் பேசுவார். கல்யாண வீட்டில் கேட்பவர்களையும் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். இலையில் முதலில் வைப்பது உப்புதானே, அதைக் காட்டிப் பேச்சைத் தொடங்கலாம். தூள் உப்பில் தெரியாது, சமையல்கட்டிலிருந்து ஒரு கல் உப்பு கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்.