முதல் பல நாள் மலைநடைக்கு ஐஸ்லாந்தின் லாய்கவேகூர் பாதையைத் தேர்ந்தெடுக்கலாமா?

எரிமலை நிலத்தில் சில நாள்கள் தொடர்ந்து நடக்க ஆசை, ஆனால் மலையேறிப் பழக்கம் குறைவு, இந்தப் பாதை தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் ஏற்றத்தையும் கிலோமீட்டரையும் மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். லாண்ட்மன்னலாய்கரில் தொடங்கித் தெற்கே தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்கில் முடியும் இந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பெரும்பாலோர் அதை நான்கு நாள்களில் நடந்து முடிக்கிறார்கள். பாதையின் மிக உயர்ந்த பகுதியே 1,050 மீட்டர் அளவில்தான் இருக்கிறது என்பதால், உயரத்தால் மூச்சுத் திணறுமோ என்ற அச்சம் வேண்டாம். அங்கே உங்களைச் சோதிப்பவை காற்றும் குளிர்ந்த நீரும்தான்.

முதல் நாள் நடையே இதைக் காட்டிவிடும். 1477 வாக்கில் வழிந்து இறுகிய கரிய எரிமலைக் குழம்புப் பாறைகளைக் கடந்ததும், மஞ்சளும் செம்மண் நிறமும் பச்சையுமாகக் கோடு கோடாய் நிற்கும் ரையோலைட் என்னும் எரிமலைப் பாறையாலான மலைகள் தொடங்குகின்றன. நிலத்தடி வெப்பநீரும் நீராவியும் நெடுங்காலமாகப் பாறையை வேதிமாற்றம் செய்ததன் விளைவே அந்த நிறங்கள். ஆவி கிளம்பும் துளைகளைச் சுற்றியுள்ள களிமண் உலர்ந்த தரை போலத் தோன்றினாலும், மேலே மெல்லிய ஓடு மட்டும் இருக்க, அடியில் கொதிக்கும் சேறு இருக்கக்கூடும். ஆகவே படம் எடுப்பதற்காகக்கூடப் பாதையை விட்டு விலகக் கூடாது. மேலே ஏற ஏறக் காலடியில் ஒப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடித் துண்டுகள் சில்லுகளாக மின்னும். அங்குள்ள ஹ்ராப்ன்டின்னுஸ்கேர் என்ற தங்கும் குடிலைச் சுற்றி ஜூலையிலும் பனி கிடக்கும்; மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த வழிக்கம்பம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. 2004 ஜூன் இறுதியில் ஓர் இளைஞர் பனிப்புயலில் சிக்கி, அந்தக் குடிலுக்கு அருகிலேயே உயிரிழந்தார். அவர் நினைவாக அடுக்கப்பட்ட கற்குவியலைப் பாதையோரத்தில் காணலாம். கோடை என்ற சொல்லை நம்பிப் பருத்தி ஆடைகளோடு கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கற்குவியல்தான் நினைவுக்கு வருகிறது.

அடுத்தது ஆறுகள். சிலவற்றில் பாலம் உண்டு. ஆல்ஃப்டாவட்ன் ஏரிக்கும் எம்ஸ்ட்ரூர் குடிலுக்கும் இடையிலுள்ள ப்லாஃப்யால்லாக்விஸ்ல், கடைசி நாளில் வரும் த்ரோங்கா போன்றவற்றை நீரில் இறங்கியே கடக்க வேண்டும். பனியாற்று நீர் வண்டல் கலந்து கலங்கி ஓடுவதால் அடியிலிருக்கும் கல் தெரியாது. வெயிலில் பனி உருகி மாலைக்குள் நீர் ஏறிவிடும் என்பதால், காலையிலேயே கடப்பது நல்லது. குறுகிய இடம் எளிதாகத் தோன்றினாலும் ஆழமும் வேகமும் அங்கேதான் மிகுதி. ஆறு அகன்று பல கிளைகளாகப் பிரியும் இடத்தைத் தேடுங்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி ஊன்றுகோலை ஊன்றிப் பக்கவாட்டில் நகர வேண்டும். பட்டைகள் அவிழ்ந்திருந்தால்தான் விழும்போது பையைக் கழற்றி எறிய முடியும். முழங்கால் வரை அந்த நீரில் நின்றபோது முதலில் வலித்தது, பிறகு என் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. வெறுங்காலோடு இறங்காமல், இதற்கென்றே ஒரு ஜோடி பழைய விளையாட்டுக் காலணியைக் கொண்டுபோங்கள்.

ஐஸ்லாந்து நடைபயணச் சங்கம் நடத்தும் குடில்களில் இடம் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். கூடாரத்தையும் குடில்களை ஒட்டிய இடங்களில் மட்டுமே அடிக்க வேண்டும். குடில்கள் திறந்திருப்பது பொதுவாக ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான். காலையில் குடில் காப்பாளரிடம் வானிலையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அவர் இருக்கச் சொன்னால் அன்று இருந்துவிடுங்கள்.

தோர்ஸ்மோர்க்கை அடைந்தபின் சிலர் இன்னும் 25 கிலோமீட்டர் போல நடந்து, ஃபிம்வோர்துஹால்ஸ் கணவாய் வழியே ஸ்கோகார் ஊருக்கு இறங்குகிறார்கள். அயாஃப்யாட்லாயோகுட்ல் எரிமலையின் பெருவெடிப்புக்குச் சற்று முன்பு, 2010 மார்ச்சில் அந்தக் கணவாயில் உருவான மாக்னி, மோதி என்ற இரு கூம்புகளையும் அவ்வழியே பார்க்கலாம். கண்ணெதிரே பிறந்த மலை என்பதால் எனக்கு முழுப் பாதையிலும் மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஆயினும் அந்த ஒரு நாளில் மட்டும் ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏற வேண்டியிருக்கிறது. முதல் முறை போகிற உங்களுக்கு, தெளிந்த வானமும் வலியில்லாத முழங்காலும் இருந்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். இல்லையென்றால் தோர்ஸ்மோர்க்கிலிருந்தே ரெய்க்யவிக்குக்குப் பேருந்து இருக்கிறது.