அம்மாவின் வீட்டை இப்போதே மகன் பெயருக்கு எழுதலாமா?

கேள்வி: நான் மியூச்சுவல் ஃபண்டு, இன்சூரன்ஸ் ஆலோசகர். பல வருடமாக என்னிடம் முதலீடு செய்துவரும் ஒரு அம்மாவுக்கு 72 வயது, கணவர் காலமாகிவிட்டார், இந்துக் குடும்பம். வீடு அவர் பெயரில் இருக்கிறது, கொஞ்சம் டெபாசிட்டும் உண்டு. மகன் கூட இருக்கிறார், மகள் வெளியூரில். "இப்பவே செட்டில்மெண்ட் எழுதிட்டா பின்னாடி அலைச்சல் இல்லை" என்கிறார் மகன். இன்னொருவர் டிரஸ்ட் (குடும்பத்துக்காகச் சொத்தை ஒரு பொறுப்பாளர் கையில் வைக்கும் ஏற்பாடு) அமைத்துத் தருகிறேன், வாரிசு வரி மிச்சம் என்று பெரிய தொகை கேட்கிறார். அந்த அம்மா என்னைக் கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: முதலில் அந்த அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள், மகன் பக்கத்து அறையில்கூட இருக்க வேண்டாம். மகன் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் பெற்ற பிள்ளை எதிரில் இருக்கும்போது எந்தத் தாயும் "எனக்கு இதில் விருப்பமில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

தான செட்டில்மெண்ட் பதிவான அன்றே வீடு கைமாறிவிடும். மனம் மாறினால் அவராகப் போய் ரத்து செய்ய முடியாது. உயில் அப்படியில்லை, உயிரோடு இருக்கும்வரை வீடு அவருடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். இரண்டும் மகனுக்கே வீட்டைக் கொடுக்கும் என்றாலும், நடுவில் இருக்கிற பத்து இருபது வருடம் அந்த அம்மா யார் வீட்டில் இருக்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதனால் என் பதில் உயில்தான்.

இல்லை, எழுதியே தீருவேன் என்றால் பத்திரத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். ஒன்று, அவர் காலம் முழுக்க அந்த வீட்டில் இருக்கவும் வாடகை வந்தால் வாங்கிக்கொள்ளவும் ஆயுள்கால உரிமை. இரண்டு, மகன் அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது: 60 வயது தாண்டியவர், அடிப்படைத் தேவைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யவில்லை என்றால் தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர்தான் அந்தத் தீர்ப்பாயம். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்தபோது, இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. சரி, தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று வயதான காலத்தில் காத்திருப்பதைவிட, ஒரு வரி எழுதிவைப்பது எவ்வளவோ மேல்.

டிரஸ்ட் பற்றி. இந்தியாவில் இப்போது வாரிசு வரி கிடையாது, இறந்தவர் சொத்துக்கு முன்பு போட்ட எஸ்டேட் டியூட்டி 1985-லேயே போய்விட்டது. இல்லாத வரியை மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்பவரிடம் அந்த அம்மா ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். தானாகச் சமாளிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், அல்லது சின்ன வயதுப் பேரக்குழந்தைக்குப் பணம் போக வேண்டுமென்றால் டிரஸ்ட் அருமையான ஏற்பாடு, அப்போது நானே சொல்வேன். ஒரு வீடு, கொஞ்சம் டெபாசிட், வளர்ந்த இரண்டு பிள்ளைகள், இதற்கு உயில் போதும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும், பதிவும் கட்டாயமில்லை. இருந்தாலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். அவரைவிட வயதில் இளையவர்களாக, உயிலால் எதுவும் கிடைக்காதவர்களாக இருக்கட்டும். அன்றைய தேதியில் மருத்துவரிடம் ஒரு சான்றும் வாங்கிவையுங்கள். எல்லாம் தனக்கே வரும்படி மகனே முன்நின்று எழுதவைத்த உயிலை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும், ஆகவே வக்கீலிடம் மகன் கூட்டிப்போக வேண்டாம். மகளுக்கு எதுவும் இல்லையென்றால் ஏன் என்று உயிலிலேயே எழுதச் சொல்லுங்கள். உயிலே இல்லாவிட்டால் 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, இதையும் அந்த அம்மா தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

அப்புறம் உங்களுக்கு ஒன்று: சாட்சி, நாமினி, உயிலை நிறைவேற்றுபவர், இந்த மூன்றில் எதுவாகவும் நீங்கள் இருக்காதீர்கள். கமிஷன் வாங்குகிறவர் அந்த இடத்தில் இருக்கக் கூடாது.

கேள்வி: டெபாசிட்டுக்கும் ஃபண்டுக்கும் மகனை நாமினியாகப் போட்டிருக்கிறார். அப்படியென்றால் பணம் முழுக்க மகனுக்குத்தானே?

பதில்: பணம் மகன் கைக்கு வரும், ஆனால் மகனுக்கே சொந்தமாகிவிடாது. நாமினி வாங்கிவைத்து வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர். பங்குகள், ஃபண்டுகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. அதனால் நாமினி பெயரும் உயிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொடுங்கள், அது உங்கள் வேலைதான். வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்பதால், மகளையும் சேர்க்க விரும்பினால் ஒரு படிவத்தோடு முடிந்தது.

கேள்வி: பிற்காலத்தில் அவருக்கு மறதி நோய் வந்தால்? மகனுக்கு இப்போதே பவர் (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது, நிறையப் பேர் ஏமாந்துபோகிற இடம் இது. பவர் கொடுத்தவர் இறந்தாலோ சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்தாலோ இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி பவர் முடிந்துவிடும். தேவைப்படுகிற அன்றைக்கு அந்தப் பத்திரம் உதவாது. பிறகு நீதிமன்றம் போய்த்தான் பாதுகாவலராக நியமனம் வாங்க வேண்டும். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் நியமித்தது, அதற்கும் மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது.

இப்போதே செய்யக்கூடியது, மாதச் செலவுக்கு வேண்டிய அளவு பணத்தை மட்டும் நம்பிக்கையான பிள்ளையோடு கூட்டுக் கணக்கில், இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில் வைப்பது. முழுப் பணத்தையும் அதில் போட வேண்டாம். மறதி ஏற்கனவே தொடங்கிவிட்டதாக உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை ஃபண்டு மாற்றும் படிவம் உட்பட எதிலும் அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள், மகன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.