ஒரு வாய் காப்பி

அன்புள்ள ஐயா,

கடந்த ஐப்பசியில் காளையார்கோவிலிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். மாலை பஸ்ஸுக்குக் கிளம்பியவரை, "மழை விடட்டும், ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போங்கள்" என்று நிறுத்தினேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோது மோட்டார் சைக்கிள் மோதிக் காலெலும்பு முறிந்தது. இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டம்), "எல்லாம் இறைத் திட்டம், உரோமையர் 8:28 படியுங்கள்" என்றார்கள். என் மனமோ அந்தக் காப்பியையே சுற்றுகிறது. சித்தப்பா முகத்தில் விழிக்கக் கூசி, இரண்டு மாதமாகப் போகவில்லை. நான் எப்படி எடுத்துக்கொள்வது?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரி,

அன்பியத்தில் சொன்னவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வசனத்தை அவசரமாக நீட்டிவிட்டார். தம்மிடம் அன்புகூர்வோரின் நன்மைக்காகக் கடவுள் எல்லாவற்றிலும் செயல்படுகிறார் என்பது பவுல் எழுதியது. மோட்டார் சைக்கிளையும் கடவுளே ஓட்டி வந்தார் என்பது நாமாகச் சேர்த்துக்கொள்வது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசு குறிப்பிடுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. எனக்கு அந்த மௌனம் பிடிக்கும்.

அதற்காக, நம் செயல் நம் வாசலோடு நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். நான் இருப்பது பள்ளத்தூரில். செட்டிநாட்டு ஊர்களை அமைத்தவர்கள் கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி வாட்டம் பார்த்துக் கட்டினார்கள். சில வருடங்களுக்கு முன், கார் ஏற்றுவதற்காக நான் வாசலில் ஒரு சிமெண்ட் மேடு போட்டேன். நான்கு விரற்கடை உயரம்தான். அந்த மழைக்கு மேலண்டை வீட்டு ஆச்சியின் வாசலில் தண்ணீர் கட்டி நின்றது. ஆச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று செங்கற்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் கால் வைத்து நடந்தார். தினமும் அந்தச் செங்கற்களைப் பார்த்தும், எனக்கு உறைக்க இரண்டு மழைக்காலம் ஆனது. பிறகுதான் மேட்டை உடைத்தேன். அது என் குற்றம். வாட்டம் கண்ணெதிரே கிடந்தது. நீங்கள் டம்ளரை நீட்டியபோது மோட்டார் சைக்கிள் எங்கே தெரிந்தது?

விவிலியத்தின் ரூத்து நூலில் வரும் நிலக்காரர் போவாசை நினைத்துக்கொள்கிறேன். ரூத்து கதிர் பொறுக்க அவர் வயலுக்குத் தற்செயலாகத்தான் வருகிறாள். சிந்திய கதிரை எளியவருக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியர் நூலின் சட்டம். அவர் அதோடு விடாமல், கட்டிலிருந்தே சில கதிர்களை உருவிப் போடுங்கள் என்று வேலையாட்களிடம் சொல்கிறார். (கணக்குப் பார்க்கிற முதலாளியிடம் எதிர்பார்க்க முடியாத உத்தரவு.) பின்னால் அவர்கள் இருவரின் பேரன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது அரசர். இயேசுவின் தலைமுறைப் பட்டியலில் ரூத்தின் பெயரையும் மத்தேயு எழுதிவைக்கிறார். போவாசுக்கு இதெல்லாம் தெரியாது. மாமியாரோடு வந்த மோவாபுப் பெண் ஒருத்தி வெயிலில் குனிந்து பொறுக்குகிறாள் என்பதுதான் அன்று தெரிந்தது. தாவீது பிறக்காமல் போயிருந்தாலும் அந்தக் கதிர்கள் அவள் வீட்டில் அப்பமாகியிருக்கும். நீங்களும் மழையில் நனைய இருந்தவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தீர்கள். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "இரண்டு மாதமாகப் போகவில்லை" என்ற வரிதான். எனக்கு அது ஆச்சி வீட்டுச் செங்கல்லாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறுங்கள். திரும்பும் நேரத்தில் சித்தப்பா, "ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ" என்று நிறுத்தினால், கடிகாரத்தைப் பார்க்காமல் குடித்துவிட்டு வாருங்கள்.